அடிபட்ட குழந்தையும் மருத்துவர் கேட்கும் கேள்விகளும்

மாட்டுப்பட்டி என்னும் பெயரைக் கேட்டவுடனே அது தமிழ்ப் பெயர் என்பது எவர்க்கும் விளங்கும். மூணாற்றிலிருந்து ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவில், இடுக்கி மாவட்டத்து உயர்மலைப் பகுதியில், அணைக்கட்டும் தேயிலைத் தோட்டங்களும் சூழ அமைந்த ஊர் அது. மலை கேரளத்தைச் சேர்ந்தது. ஆனால் அம்மலையிற் கொழுந்து பறித்த கைகள் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் கைகளே. பிழைப்பை நாடிப் பிற மாநிலம் சென்று வாழும் நம்மவர்க்கு, அங்குள்ள லயங்களின் வாழ்க்கை அயலானதன்று. பம்பாயின் தாராவியாயினும், பெங்களூரின் புறநகராயினும், டில்லியின் குடியிருப்பாயினும், நாம் இங்கே பேச எடுத்துக்கொண்ட செய்தி அனைவர்க்கும் பொதுவானதே.

தோட்டத்து லயம் ஒன்றில் மூன்று வயதுக் குழந்தை படியிலிருந்து உருண்டு கையை முறித்துக்கொண்டது என வைத்துக்கொள்வோம். தாய் மலைச்சரிவில் வேலையாக இருக்கிறாள். வீட்டிலிருந்தவர் பாட்டி. தோட்டத்து மருந்தகத்துக்குத் தூக்கிச் சென்று, அங்கிருந்து ஜீப் பிடித்து மூணாற்றுக்கோ அடிமாலிக்கோ கொண்டுபோகின்றனர். அவசர சிகிச்சைப் பகுதியில் ஒரு செவிலியர் கேட்கிறார்: “எப்படி விழுந்தது? எப்பொழுது? யார் பார்த்தது?” பதில் சொல்லி முடித்தபின் மருத்துவர் வந்து அதே கேள்விகளை மறுபடியும் கேட்கிறார். பின்னர்க் குழந்தையின் சட்டையைக் கழற்றி முதுகு, வயிறு, காதின் பின்புறம், உள்ளங்கால் எனத் தலைமுதற் கால்வரை பார்க்கிறார். தாய்க்கு மனம் துணுக்குறுகிறது. கைக்குக் கட்டுப்போடச் சொன்னால் முதுகை ஏன் பார்க்கிறார்கள்? நாமே அடித்துவிட்டோம் என்று நினைக்கிறார்களா? வேற்று மொழிக்காரர், கூலிக்காரர் என்பதனால்தானே இந்தச் சந்தேகம்?

இம்மனவருத்தம் இயல்பானது. எனினும் அக்கேள்விகள் எதற்காகத் தோன்றின என்பதை அறிந்தால், அவை அந்தத் தாயின் குழந்தைக்கே அரணாக நிற்பவை என்பது புலப்படும்.

இடுக்கி மாவட்டத்திலேயே நிகழ்ந்த இரண்டு துயரங்களை நினைவுகூர்வோம். 2013-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் குமுளிப் பகுதியைச் சேர்ந்த ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் உணர்விழந்த நிலையிற் கட்டப்பனையிலுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டான். விழுந்துவிட்டான் என்பதே உடன்வந்தோர் கூறிய காரணம். உடலிற் காணப்பட்ட காயங்களோ ஒரு முறை விழுந்ததனால் உண்டானவை அல்ல. நெடுநாட் சித்திரவதையின் தடயங்கள் அவை. சிறுவன் உயிர் பிழைத்தான். ஆயினும் மூளையில் ஏற்பட்ட சேதம் அவனைப் படுக்கையிலேயே கிடத்திவிட்டது. பதினோர் ஆண்டுகளுக்குப் பின்னர், 2024-ஆம் ஆண்டு டிசம்பரில், தொடுபுழை நீதிமன்றம் அவனுடைய தந்தைக்கும் மாற்றாந்தாய்க்கும் சிறைத்தண்டனை விதித்தது. இடையிலிருந்த ஆண்டுகளிற் பெற்றவர் அல்லாத ஒரு பெண்மணியே அவனுக்குத் தாயாக இருந்து பணிவிடை செய்துவந்தார்.

மற்றையது 2019-ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் தொடுபுழையில் நிகழ்ந்தது. ஏழு வயதுச் சிறுவனைத் தலையிற் பெருங்காயத்துடன் கொண்டுவந்தவர்கள், அவன் தவறி விழுந்ததாகவே கூறினர். சொன்ன கதைக்கும் கண்ட காயத்துக்கும் பொருத்தமில்லாமை கண்டு மருத்துவர்கள் காவல்துறைக்கு அறிவித்தனர். அவனுடைய தம்பியின் சொல்லும் உண்மை வெளிப்படத் துணையாயிற்று. சிறுவன் ஏப்ரல் 6-ஆம் நாள் கோலஞ்சேரி மருத்துவமனையில் உயிர்நீத்தான். அவனைக் காப்பாற்ற இயலவில்லை. ஆனால் மருத்துவர்கள் பேசாதிருந்திருந்தால் தம்பியின் நிலை என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரு வீட்டில் ஒரு குழந்தைக்குத் தீங்கு நேர்ந்ததென ஐயம் எழுந்தால், அவ்வீட்டின் மற்றக் குழந்தைகளையும் மருத்துவர் காண விரும்புவது இதனாலேதான்.

இவ்விரண்டு நிகழ்ச்சிகளிலும் ஒரே சொல் வந்திருப்பதை நேயர்கள் கவனித்திருப்பர். “விழுந்துவிட்டான்” என்பதே அது. விழாத குழந்தை உலகில் இல்லை. ஆகையினாலேயே அச்சொல் உண்மையான பெற்றோர்க்கும் உண்மையை மறைப்போர்க்கும் ஒருசேரப் பயன்படுகிறது. அவ்விருவரையும் முகத்தைப் பார்த்துப் பிரித்தறிய எந்த மருத்துவராலும் முடியாது. காயத்தைப் பார்த்தே பிரித்தறிய வேண்டும்.

மருத்துவ உலகம் இதனைக் கற்றுக்கொள்ள வெகுகாலம் பிடித்தது. பாரிஸ் நகரத்துச் சட்ட மருத்துவரான அம்புருவாஸ் தார்தியூ என்பார் 1860-ஆம் ஆண்டிலேயே, கொடுமைக்கு ஆளான 32 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அதனைக் கேட்பார் இல்லை. பெற்றோர் இவ்வாறு செய்வர் என்று நம்ப அந்நாளைய மருத்துவர்களின் மனம் இடங்கொடுக்கவில்லை. 1946-ஆம் ஆண்டில் அமெரிக்க எக்ஸ்-ரே நிபுணர் ஜான் காஃபி, மூளையைச் சுற்றி இரத்தம் கட்டியிருந்த ஆறு சிசுக்களின் கை கால் எலும்புகளில், வெவ்வேறு காலத்தில் ஏற்பட்ட முறிவுகள் காணப்படுவதை எடுத்துரைத்தார். நோய் எதுவும் இல்லை. விபத்து நடந்ததாக எவரும் கூறவில்லை. ஆயினும் எலும்புகள் முறிந்திருந்தன. அதற்குமேற் சொல்ல அவரும் தயங்கினார். 1962-ஆம் ஆண்டிலேதான் டென்வர் நகரத்து மருத்துவர் ஹென்றி கெம்ப்பியும் அவர்தம் தோழர்களும், இது அடியுண்ட குழந்தைகளின் நோய் என்று வெளிப்படையாகப் பெயரிட்டு எழுதினர். 71 மருத்துவமனைகளில் ஓராண்டில் இத்தகைய 302 குழந்தைகள் வந்திருந்தனர் என்றும், அவர்களில் 33 பேர் இறந்தனர், 85 பேர்க்கு மூளையில் நிலையான சேதம் உண்டாயிற்று என்றும் அவர்கள் காட்டினர். அதன்பின் சில ஆண்டுகளுக்குள் அமெரிக்க மாநிலங்கள் அனைத்தும், மருத்துவர் இத்தகைய ஐயத்தை அறிவித்தே ஆக வேண்டும் எனச் சட்டம் இயற்றின.

நம் நாட்டில் இஃது இல்லை என்று ஆறுதல் கொள்ள வழியில்லை. மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், 13 மாநிலங்களைச் சேர்ந்த 12,447 குழந்தைகள் விசாரிக்கப்பட்டனர். மூவரில் இருவர் உடல்சார்ந்த துன்புறுத்தலுக்கு ஆளானவர்கள். குடும்பத்தினுள் அடிபட்டவர்களில் 88.6 விழுக்காட்டினரை அடித்தவர் பெற்றோரே. அடியாத மாடு பணியாது என்னும் எண்ணம் நம்மிடையே எத்துணை ஆழமாக வேரூன்றியுள்ளது என்பதை நாம் அறியாதவரல்லோம். மாட்டுக்குச் சொன்னதைப் பிள்ளைக்கும் பொருத்திக்கொண்டோம்.

இனி, மருத்துவர் எதனைப் பார்க்கிறார் என்பதற்கு வருவோம். நெதர்லாந்து நாட்டின் அவசர சிகிச்சைப் பகுதிகளில், வரும் குழந்தைகள் எல்லோரைப் பற்றியும் ஆறு கேள்விகளுக்கு விடை குறிக்கும் ஒரு சிறு படிவம் வழக்கத்திற்கு வந்தது. நடந்ததாகச் சொல்லப்படும் கதை முன்னுக்குப்பின் முரணின்றி உள்ளதா? மருத்துவ உதவி நாடுவதில் காரணமற்ற தாமதம் ஏற்பட்டதா? இவ்வயதுக் குழந்தைக்கு இப்படிப்பட்ட விபத்து நேரக் கூடுமா? குழந்தையும் உடன்வந்தவரும் ஒருவரோடொருவர் நடந்துகொள்ளும் முறை இயல்பாக உள்ளதா? தலைமுதற் கால்வரை பார்த்ததில் தெரிந்தவை சொன்ன கதையோடு ஒத்துப்போகின்றனவா? குழந்தையின் பாதுகாப்பைப் பற்றி வேறு ஏதேனும் ஐயம் உண்டா? இவ்வளவே. செவிலியர் ஓரிரு நிமிடங்களில் நிரப்பிவிடலாம்.

இவற்றில் மூன்றாம் கேள்வியே மிகக் கூர்மையானது என்பது நமது கருத்து. மூன்று மாதக் குழந்தை தானாக நகர்ந்து எங்கும் செல்லாது. அதன் உடலிற் கன்றிய தடம் ஒன்று இருந்தால், அது சிறிதாயினும், அதற்குக் காரணம் வேறொருவர் கையாகவோ கவனக்குறைவாகவோ நோயாகவோ இருத்தல் வேண்டும். நடக்கக் கற்ற குழந்தையின் முழங்காலிலும், கெண்டைக்காலின் முன்புறத்திலும், நெற்றியிலும் தழும்புகள் இருப்பது இயல்பு. விழும்போது முதலிற் தரையில் மோதும் இடங்கள் அவை. காது, கழுத்து, மார்பு, வயிறு, முதுகு ஆகியவை அவ்வாறு எளிதில் அடிபடா. ஆகவேதான் நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் உடலின் நடுப்பகுதியிலும் காதிலும் கழுத்திலும் காணும் கன்றலும், நான்கு மாதத்துக்கு உட்பட்ட சிசுவின் உடலில் எங்கு காணும் கன்றலும், மருத்துவரை நின்று யோசிக்கச் செய்கின்றன.

தீக்காயமும் பேசும். கொதிக்கும் தேநீரைக் குழந்தை இழுத்துக் கவிழ்த்துக்கொண்டால், முகத்திலும் மார்பிலும் பட்டு, ஒழுகிய வழியெல்லாம் கோணல்மாணலாகப் புண் இறங்கும். கீழே வரவரச் சூடு தணிந்து காயமும் லேசாகும். குழந்தையின் காலைப் பிடித்து வெந்நீரில் அழுத்தியிருந்தால், காலுறை அணிந்தாற்போல் ஒரே மட்டத்தில் கோடிட்டு நிற்கும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையிடம் ஐயம் வலுத்தால், உடல் முழுவதுக்கும் எக்ஸ்-ரே எடுப்பர். ஆறிக்கொண்டிருக்கும் பழைய முறிவு அதில் தெரிந்துவிடும். கன்றலின் நிறத்தைக் கொண்டு அது இத்தனை நாள் பழையது எனக் கணக்கிடும் வழக்கம் முன்பு இருந்தது. அஃது நம்பத்தக்கதன்று என்பது இப்பொழுது தெளிவாகிவிட்டது.

தவறிழைக்கும் வாய்ப்பும் மருத்துவர்க்கு உண்டு. நம் குழந்தைகள் பலருக்குப் பிறவியிலேயே இடுப்பின் கீழும் முதுகிலும் நீல நிறப் படை இருக்கும். அறியாதவர் அதனை அடித்த தடம் என எண்ணக் கூடும். இரத்தம் உறையாத நோய், எளிதில் எலும்பு முறியும் பிறவி நோய், கணைநோய் எனப்படும் எலும்பு வலுவிழப்பு ஆகியவையும் இவ்வாறே ஏமாற்றும். வயிற்றுக் கோளாறுக்கும் மாந்தத்துக்கும் சூடு போடும் பழக்கம் நம்மவரிடையே முற்றும் ஒழியவில்லை. போட்டவர் அன்பினால் போட்டிருக்கலாம். ஆயினும் தீ சுட்டது சுட்டதுதான், அப்புண் வழியே நோய்க்கிருமி புகுந்து சிசு இறப்பதும் உண்டு. அதனை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுதலே குழந்தைக்கும் வீட்டாருக்கும் நலம்.

மேற்கூறிய ஆறு கேள்விகள் எத்துணைத் துல்லியமானவை? நெதர்லாந்தில் 18,275 குழந்தைகளிடம் இது சோதிக்கப்பட்டபோது, 420 குழந்தைகளைப் பற்றி ஐயம் எழுந்தது. நிபுணர் குழு ஆராய்ந்து, துன்புறுத்தப்பட்டிருக்கக் கூடும் எனக் கண்டவர் மொத்தம் 55 பேர். அவர்களில் 44 பேர் அந்த 420-இல் அடங்கியிருந்தனர். இக்கணக்கை இருபுறமும் புரட்டிப் பார்க்க வேண்டும். ஐந்தில் நான்கு குழந்தைகள் கண்டுபிடிக்கப்பட்டனர். இது சிறிய நன்மையன்று. மறுபுறம், ஐயத்துக்கு உள்ளான பத்துக் குடும்பங்களில் ஏறத்தாழ ஒன்பது குற்றமற்றவை. எனவே படிவத்தில் ஒரு குறி விழுந்தது என்பதற்காக எந்தத் தாயையும் குற்றவாளியாக நடத்துவது அநியாயம். இன்னும் நன்றாகப் பார்க்க வேண்டும் என்பதற்கு மேல் அக்குறிக்குப் பொருளில்லை. இதனை மருத்துவமனைப் பணியாளர் சிலர் மறந்துவிடுவது உண்மையே.

ஏழை எளியவரிடம் மட்டுமே இக்கேள்விகளைக் கேட்பார்களோ என்னும் அச்சத்துக்கும் விடை உண்டு. 1999-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கரோல் ஜென்னி என்னும் மருத்துவர் குழுவினர், அடியினால் தலைக்காயம் பட்ட 173 குழந்தைகளின் பதிவேடுகளை ஆராய்ந்தனர். 54 பேரின் காயம் முதன்முறை மருத்துவரிடம் வந்தபோது கண்டறியப்படவில்லை. அவ்வாறு தப்பவிடப்பட்டவை பெரும்பாலும் யாருடைய குழந்தைகள்? தாயும் தந்தையும் சேர்ந்து வாழும் வெள்ளையர் வீட்டுக் குழந்தைகள்! மதிப்புள்ள குடும்பம் என்று மருத்துவர் எண்ணியதனால், கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. தப்பவிடப்பட்டவர்களில் 15 பேர் மறுபடியும் அடிபட்டனர். தோட்டத்துத் துரை வீட்டுக் குழந்தையாயினும் கொழுந்து பறிப்பவர் குழந்தையாயினும், எல்லோரையும் ஒரே வகையாகக் கேட்டால்தான் இருவர்க்கும் நியாயம் கிடைக்கும். கேள்வி எல்லோர்க்கும் பொதுவானால் அதில் அவமதிப்பும் இல்லை.

ஆயினும், அயல்நாட்டில் வகுத்த கேள்விகளை அப்படியே மாட்டுப்பட்டிக்குக் கொண்டுவந்தால் சங்கடம் நேரும். தாமதம் ஏன் என்று கேட்கிறார்கள். மலைப்பாதை, மழை, மூடுபனி, வண்டி கிடைக்காமை, அன்றைய கூலியை விட்டு வர முடியாமை ஆகிய இத்தனையும் தாமதத்துக்குக் காரணம். பல மருத்துவமனைகளுக்கு மாறி மாறிச் செல்வது ஐயத்துக்குரிய அறிகுறி என நூல்கள் கூறும். இங்கோ, ஒருமுறை மூணாறு, அடுத்த முறை தமிழ்நாட்டு உறவினர் வீட்டருகே தேனி என்று போவது வாழ்க்கை முறை. நேரில் பார்க்காதவர் வந்து பதில் சொல்கிறார் என்பர். தாய் வேலைக்காட்டிலும் குழந்தை பாட்டியிடமும் இருக்கும் வீட்டில் வேறு யார் வருவது? 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், பெண்கள் வேலை செய்யும் தோட்டங்களிற் குழந்தைகள் காப்பகம் அமைக்க வேண்டும் என வகுத்தது இக்காரணத்தினாலன்றோ? இவற்றையெல்லாம் அறிந்த ஒருவர் படிவத்தை நிரப்பும்போதுதான் அது பயன்தரும்.

மொழியோ இவை எல்லாவற்றினும் பெரிய இடர்ப்பாடு. “குழந்தைக்கு அடிபட்டுவிட்டது” என்று நாம் சொல்கிறோம். விழுந்து பட்டாலும், சுவரில் மோதிப் பட்டாலும், நமக்கு அது அடிபட்டதுதான். மலையாளத்தில் அடி என்றால் பிறர் கையால் வாங்குவது என்றே முதலில் தோன்றும். பதற்றத்தோடு ஒரு தமிழ்த்தாய் இதனைச் சொல்லும்போது, எதிரே நிற்கும் செவிலியரின் காதில் வேறொரு செய்தி விழுந்துவிடக் கூடும். கன்னடத்திலும் இந்தியிலும் இதுபோன்ற சிக்கல்கள் வேறுவேறாக எழும். ஆகையால் “இந்தப் படியிலிருந்து, இந்த நேரத்தில், இப்படி விழுந்தது, நான் பார்த்தேன்” அல்லது “நான் பார்க்கவில்லை, இன்னார் பார்த்தார்” என்று நிகழ்ந்ததை நிகழ்ந்தபடி சொல்வதே சிறந்தது. தெரியாததைத் தெரியாது எனச் சொல்லலாம், அதில் குற்றமில்லை. பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லி, பிறகு மாற்றிச் சொல்லும்போதுதான் ஐயம் பிறக்கிறது. மொழிபெயர்க்க ஒருவர் தேவைப்பட்டால், உடன்வந்த உறவினர் அல்லாத ஒருவரை மருத்துவமனையிடம் கேட்டுப் பெறலாம். குழந்தையையே மொழிபெயர்ப்பாளராக நிறுத்துவது எவ்வகையிலும் தகாது.

சட்டம் கூறுவதையும் சிறிது பார்ப்போம். பாலியற் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் 2012-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அத்தகைய குற்றம் நடந்ததென அறிந்த எவரும் அதனை அறிவித்தல் வேண்டும். அறிவிக்கத் தவறுவது தண்டனைக்குரியது. நல்லெண்ணத்தோடு அறிவித்தவர்மீது வழக்குத் தொடுக்க முடியாது. குழந்தையைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர் அதனைக் கொடுமைப்படுத்தினால், 2015-ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவின்படி சிறைத்தண்டனை உண்டு. அக்குழந்தையின் பெயரையோ படத்தையோ வெளியிடலாகாது என்று அதே சட்டம் விலக்குகிறது. இக்கட்டுரையில் எந்தக் குழந்தையின் பெயரும் இடம்பெறாதது அதனாலேயே. மருத்துவமனைகளில் எம்.எல்.சி. என வழங்கும் பதிவு ஒன்றுண்டு. அது எழுதப்படுவதைக் கண்டு பலர் அஞ்சிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியேறிவிடுகின்றனர். சாலை விபத்துக்கும் பாம்புக்கடிக்கும்கூட அப்பதிவு எழுதப்படுவது வழக்கம்; அது குற்றப்பத்திரிகையன்று. பாதியில் வெளியேறுவது குழந்தையின் உயிருக்கு ஆபத்து; ஐயத்தையும் அதுவே வலுப்படுத்தும்.

பக்கத்து வீட்டில் ஒரு குழந்தை அடிக்கடி அலறுவதைக் கேட்கிறோம். காதோரம் கன்றியிருப்பதைப் பார்க்கிறோம். அடுத்தவர் குடும்பத்தில் நாம் ஏன் தலையிட வேண்டும் என்று கதவைச் சாத்திக்கொள்கிறோம். லயத்தில் ஒரு சுவரே இரு வீட்டுக்கும் பொதுவாக இருப்பதால், மருத்துவருக்கு நெடுநாட் கழித்துத் தெரியப்போவது நமக்கு முதல் நாளே தெரிந்துவிடுகிறது. 1996-ஆம் ஆண்டு பம்பாயிற் சிறிய அளவிற் தொடங்கி நாடெங்கும் பரவிய 1098 என்னும் தொலைபேசி எண் இதற்கென்றே உள்ளது. எந்த மாநிலத்திலிருந்தும், கட்டணமின்றி, இரவிலும் பகலிலும் அழைக்கலாம். குழந்தை இருக்கும் இடத்தைத் தெளிவாகச் சொன்னாற் போதும். தோட்டமாயின் தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயத்தின் எண் ஆகியவற்றைச் சொல்வது, மலைப்பகுதியில் வழி தேடி வருபவர்க்குப் பெரிதும் உதவும்.